கேனுக்குள் ஊற்றிய தண்ணீர்

தொண்ணூறுகளின் கடைசி. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையில் நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, ஒரு மிளகாய்த் தோட்டத்துக் கிணறு. அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றாமல் பெய்திருந்ததால், மார்கழியில் கிணறு முக்கால்வாசிக்கு மேல் நிறைந்து கிடந்தது. அதில்தான் என் மகள் நீச்சல் கற்றாள். நான் வேறொன்றைக் கற்றேன். அவளுக்கு மூன்று மாதம் ஆனது. எனக்கு அரை நிமிடம் போதுமானதாக இருந்தது.

அப்போது நான் வருவாய்த் துறையில் இருந்தேன். எந்த மனுவுக்கு எந்த இணைப்பு, எந்தச் சான்றுக்கு யார் கையெழுத்து, எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். புதிதாக வரும் அதிகாரிகள் விதிப் புத்தகத்தைத் தேடாமல் என்னைக் கூப்பிடுவார்கள். புத்தகம் என்றால் தூசி தட்ட வேண்டும். நான் என்றால் கூப்பிட்டதும் வந்து நிற்பேன்.

எனக்குத் தெரியாதது நீச்சல் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் ஆறு கிடையாது. மழை பெய்தால் ஓடை, பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். தோட்டமும் கிணறும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் நீந்துவார்கள். எங்களைப் போல டவுன் வீட்டில் பிறந்தவர்களுக்குக் கடப்பாறை நீச்சல்தான். போட்டால் நேராக அடிக்குப் போய்விடும்.

அந்தக் கார்த்திகையில் ஒரு நாள், ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு மனு. அவர் ஊரை ஒட்டி, சாலை போட மண் எடுத்த பள்ளம் ஒன்று மழையில் நிறைந்திருந்தது. கரிசல் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் ஆழம் வெளியே தெரியாது. கரை வழுக்கும். கால் வைத்தால் களி பிடித்துக்கொள்ளும். அவருடைய ஏழு வயதுப் பையன் அதில் போய்விட்டான். போனவனைப் பற்றி மனுவில் ஒரு வரிதான் இருந்தது. மற்ற பிள்ளைகள் போகாதபடி அந்தப் பள்ளத்தை மூடித் தர வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

நான் படித்தேன். பள்ளம் இருந்த இடம் எங்கள் துறையின் கீழ் வராது. எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், அது எந்தத் தெருவில் இருக்கிறது, அங்கே யாரைப் பார்க்க வேண்டும், மனுவில் எந்த இரண்டு வரிகளை மாற்ற வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டார். “சரிங்க சார்” என்று மனுவை மடித்து வாங்கிக்கொண்டு போனார். சரியான தகவலை ஐந்து நிமிடத்தில் கொடுத்த திருப்தியோடு நான் டீ குடிக்கப் போனேன்.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் இதைச் சொன்னேன். சனங்கள் எப்படி ஆபீஸ் மாறி வந்து அலைகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணமாகத்தான் சொன்னேன். மனைவி சோறு பிசைவதை நிறுத்திவிட்டு எதிரில் இருந்த மகளைப் பார்த்தாள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது.

“இவளுக்கு நீச்சல் தெரியாது” என்றாள் மனைவி.

அடுத்த வாரமே ஏற்பாடு ஆகிவிட்டது. விடியற்காலையில் எங்கள் தெருவுக்கு வெள்ளரிக்காயும் கத்தரிக்காயும் கொண்டுவரும் பெண் ஒருவர் உண்டு. அந்த மிளகாய்த் தோட்டம் அவர்களுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் பிள்ளைகளையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் அவர் கிணற்றில் இறக்கிப் பழக்குவாராம். முப்பது வயதுதான் இருக்கும். வாரத்தில் ஆறு நாள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஆக அவரும் ஆபீஸ் போகிறவர், நானும் ஆபீஸ் போகிறவன். யார் வேலை செய்தோம் என்பதை இங்கே எழுத வேண்டாம். வசதிக்காக அவரைக் கிணற்றுக்கார அம்மா என்று சொல்லிக்கொள்கிறேன்.

மனைவி என்னிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் தெரிவித்தாள். நானும் என் பங்குக்கு நாலு நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுத்தனுப்பினேன். கிணற்று மேட்டில் எப்போதும் ஒரு நல்ல கயிறு இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். சாப்பிட்டதும் இறக்கக் கூடாது. ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் கூடாது. கயிற்றையும் நானே வாங்கிக் கொடுத்தேன், புதுத் தேங்காய்நார்க் கயிறு. கிணற்றுக்கார அம்மா தாளை வாங்கி மோட்டார் ரூமில் மீட்டர் பெட்டியின் மேல் பத்திரமாக வைத்தாராம். அது கடைசிவரை அங்கேயே இருந்தது. பல்லி அதன்மேல் முட்டையிட்டிருப்பதாக மகள் பிற்பாடு தெரிவித்தாள்.

அவரிடம் எழுதாத நிபந்தனை ஒன்று இருந்தது. முதலில் மோட்டார் ரூமுக்குப் போய் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்குவார். அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகுவார். அதற்குப் பிறகுதான் எந்தப் பிள்ளையும் படியில் கால் வைக்கலாம். கரண்ட் வந்ததும் யாராவது மறதியாக மோட்டாரைப் போட்டுவிடக் கூடாது இல்லையா? என் நாலு நிபந்தனைகளில் இது இல்லை. மகள் சொன்னபோது நான் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்க வேண்டும். அப்போது எனக்கு அது அவ்வளவு பழக்கமில்லை.

முதல் ஞாயிறு முழுக்க மகள் நீந்தவே இல்லை. தண்ணீருக்குள் இருக்கும் படிக்கல்லில் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, வாயைத் தண்ணீருக்குள் வைத்துக் குடுகுடுவென்று ஊதியிருக்கிறாள். அப்புறம் முகத்தை முக்கிக் கண்ணைத் திறக்க வேண்டும். கிணற்றுக்கார அம்மா தண்ணீருக்குள் கையை நீட்டுவார். எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். சில சமயம் விரலுக்குப் பதில் ஒரு மிளகாய்ப்பழம் இருக்கும். சரியாகச் சொன்ன பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. தப்பாகச் சொன்ன பிள்ளையை மற்றதெல்லாம் சேர்ந்து கேலி பண்ணும். இரண்டாவது வாரம் கல்லைப் பிடித்துக்கொண்டு காலை அடிப்பது. தண்ணீரைச் சத்தம் வர அடித்தால் திட்டு விழும். “ஏட்டி, தண்ணி ஒனக்கு என்ன செஞ்சுச்சு? அடிக்காத, தள்ளு.”

மூன்றாவது வாரம் கேன். முன்பெல்லாம் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டுவார்கள். இப்போது அந்த இடத்துக்கு ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் வந்துவிட்டது. மூடியை இறுக்கிப் பழைய சேலைத் துணியால் முதுகோடு சேர்த்துக் கட்டினால் பிள்ளை தக்கைபோல மிதக்கும். கட்டுவதும் அவிழ்ப்பதும் அவர்தான். கேனில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

வீட்டில் நானும் சும்மா இருக்கவில்லை. மதுரைக்குப் போன இடத்தில் நீச்சல் பற்றிப் படம் போட்ட புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். மகளை பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, புத்தகத்தைப் பார்த்துக் கையையும் காலையும் அசைக்கச் சொன்னேன். பெஞ்சில் அவள் அருமையாக நீந்தினாள்.

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு. மனைவி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் மகளை மொபெட்டில் வைத்து நானே கூட்டிப்போனேன். கிணற்றை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தோம். முந்தின நாள் தூறல் போட்டிருந்ததால் செருப்பு இரண்டிலும் கரிசல் அப்பிக்கொண்டு காலைத் தூக்குவதே பாடாக இருந்தது. சதுரக் கிணறு, கல் கட்டு, ஒரு பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்கள். பத்து மணி வெயில் அப்போதுதான் தண்ணீரைத் தொட்டிருந்தது.

மகள் இரண்டு வாரமாக இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் குறுக்கே போய்வருகிறாள் என்று மனைவி சொல்லியிருந்தாள். எனக்குக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஒரே அவசரம். கிணற்றுக்கார அம்மா கேனைக் கட்டிவிட்டார். “அப்பா, பாருங்க” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் படியை விட்டாள். நான் மேலே, மோட்டார் ரூம் ஓரம் நின்றிருந்தேன்.

உண்மையாகவே நீந்தினாள். அழகான நீச்சல் இல்லை. தலையைத் தூக்கிக்கொண்டு, நாய்க்குட்டி போலக் கையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளிப் போனாள். புத்தகத்தில் இந்த முறைக்குப் படமே கிடையாது. ஆனால் போனாள்.

கீழே ஐந்து வயதுக் குட்டிப் பெண் ஒன்று, அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேன் கட்டியிருந்தது, படிக்குப் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் இருந்த கேன் தண்ணீருக்கு மேல் வாத்துபோலத் துள்ளியது. என் மகளின் கேனைத் தேடினேன். தண்ணீருக்கு மேல் காணோம். உற்றுப் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அவள் முதுகோடு அசையாமல் கிடந்தது.

இருபது வருஷம் கோப்புகளில் குறை கண்டுபிடித்துப் பழகிய கண். காற்று இருந்தால் கேன் மிதக்க வேண்டும். மிதக்கவில்லை. எனவே உள்ளே தண்ணீர். கணக்கு அவ்வளவுதான். கண்டுபிடித்ததை உடனே சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிப்பதுதானே முறை.

“ஏட்டி, ஒன் கேனுக்குள்ள பூராத் தண்ணி கெடக்கு” என்று தொண்டை கிழியக் கத்தினேன். “திரும்பு, படிக்கு வா.”

அவள் கிணற்றின் நட்டநடுவில் இருந்தாள். கை நின்றது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்க் கேனைத் தொட்டாள். அது துள்ளவில்லை, தொட்ட பக்கம் சாய்ந்தது. அவள் முகம் மாறியதை மேலே இருந்து பார்த்தேன். அதுவரைக்கும் தண்ணீரில் இருந்த பிள்ளை, அந்த நொடியிலிருந்து ஆழத்தில் இருந்தாள். இரண்டு கையையும் மேலே தூக்கினாள். செய்யவே கூடாது என்று புத்தகத்தில் போட்டிருந்தது அதைத்தான். அப்புறம் தலை உள்ளே போனது. சடை மட்டும் கொஞ்ச நேரம் மேலே கிடந்தது.

நான் கயிற்றை எடுத்தேன். நான் வாங்கிக் கொடுத்த கயிறு, முதல் நிபந்தனை. சுருளாக அங்கேயே இருந்தது. அதைத் தூக்கி அவள் இருந்த இடத்தைப் பார்த்து எறிந்தேன். சுருள் முழுவதையும் எறிந்தேன். ஒரு முனையைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நிபந்தனையில் எழுதியிருக்கவில்லை.

கிணற்றுக்கார அம்மா கீழ்ப்படியில் குட்டிப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கத்தவில்லை, குதிக்கவும் இல்லை. முதலில் குட்டிப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துப் படிக்கல்லில் வைத்து, “விடாதட்டி” என்றார். அதற்குப் பிறகுதான் சேலையோடு தண்ணீருக்குள் சரிந்தார். மகளுக்கு எதிரே போகவில்லை. சுற்றிக்கொண்டு பின்னால் போய், முங்கி, அக்குளுக்குக் கீழே கை கொடுத்து மேலே தள்ளினார். ஒரு தள்ளு, தலை வந்தது. இரண்டாவது தள்ளு, பாதி தூரம். மூன்றாவது தள்ளில் அவள் கை கல்லைப் பிடித்தது. எல்லாம் அரை நிமிடம்.

நான் அப்போது படியில் பாதி இறங்கியிருந்தேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை.

மகள் இருமினாள், தண்ணீரைக் கக்கினாள், அப்புறம் அழுதாள். அழுகைச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. இதற்கிடையில் குட்டிப் பெண், “விடாதட்டி” என்று சொன்னதை அதற்குள் மறந்துவிட்டு, வாத்துக் கேனோடு தட்டித் தட்டிப் போய், மிதந்துகொண்டிருந்த கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது.

“சார், ஒங்க கயிறு.”

அத்தனை பிள்ளைகள் இருந்தும் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பயம் போனதும் எனக்கு வந்தது கோபம். ஓட்டைக் கேனைக் கட்டியா பிள்ளையைக் கிணற்றில் விடுவது, பார்த்துக் கட்டக் கூடாதா என்று அந்த அம்மாவிடம் சத்தம் போட்டேன். அவர் ஈரச் சேலையைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மகளின் முதுகிலிருந்து கேனை அவிழ்த்து, மூடியைத் திறந்து, படியில் கவிழ்த்தார். கேன் நிறையத் தண்ணீர் கொட்டியது. காலிக் கேனை மூடி, ஒரு தடவை தண்ணீரில் அமுக்கிக் காட்டினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

“ஓட்டை இல்ல சார். நான்தான் ஊத்துனது.”

“எதுக்கு?” என்றேன்.

“மொத நாள் காலிக் கேனு. அதுக்கப்புறம் கட்டும்போது பின்னால வச்சு ஒரு சொம்பு, ரெண்டு சொம்புன்னு ஊத்திக்கிட்டே வருவேன். பிள்ளைக்குத் தெரியாது. நெறஞ்சு ரெண்டு வாரமாச்சு. ரெண்டு வாரமா கேனு அதத் தூக்கல சார், அதுதான் கேனத் தூக்கிட்டுத் திரியுது.” கொஞ்சம் நிறுத்தி, சத்தத்தைக் குறைத்துச் சொன்னார். “நீங்க சொல்லுத வரைக்கும் நல்லாத்தான் நீந்திட்டு இருந்தா.”

நிறைந்த கேன் தண்ணீருக்குள் மேலேயும் தூக்காது, கீழேயும் இழுக்காது. இது நான் பள்ளிக்கூடத்தில் படித்தது, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியது. மகளை முழுக வைத்தது கேன் இல்லை. நான் கத்திய வாக்கியம். அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. கேனுக்குள் பூராவும் தண்ணீர்தான் இருந்தது.

திரும்பி வரும்போது மகள் மொபெட்டில் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. பின்னாலிருந்த கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் மனைவி வந்ததும் அவளிடம் ஒரே வரியில் அறிக்கை கொடுத்தாள். “அவிய ஏமாத்திட்டாவ, அப்பா பயங்காட்டிட்டாவ. இனிமே நான் போகல.”

நான் நடந்ததை விவரமாக, வரிசை மாறாமல் மனைவியிடம் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவள் கடைசிவரை கேட்டாள். “கயித்த முழுசாவா எறிஞ்சீங்க?” என்று அதை மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் நடந்தது நல்லதாக இல்லை. மகள் குளிக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்ற விடவில்லை. குளியலறைத் தொட்டி நிறைந்திருந்தால் பக்கத்தில் போகவில்லை. நீச்சல் தெரியாத பிள்ளையாக அனுப்பினோம்; தண்ணீரைக் கண்டால் நடுங்கும் பிள்ளையாகத் திரும்பி வந்திருந்தாள். பள்ளத்தில் பையனைப் பறிகொடுத்த அந்தப் பெண்ணை நினைத்துத்தான் மனைவி இவளைக் கிணற்றுக்கு அனுப்பினாள். இப்போது இவள் ஒரு பள்ளத்தில் வழுக்கினால் முன்பைவிடச் சீக்கிரமாகவே போய்விடுவாள். அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். தண்ணீர் டிரம்மில் ஒரு சின்னக் கேனை மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, நிறைந்த கேன் ஏன் ஆபத்தில்லை என்று விளக்கினேன். கவனமாகப் பார்த்தாள். கேள்விகூடக் கேட்டாள். முடிவில், “சரிதாம்ப்பா, புரியுது. ஆனா நான் வரல” என்றாள். எவ்வளவு தெளிவாக விளக்கினாலும் மனுதாரர் திருப்தி அடையாத வழக்கு உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவது ஞாயிறு நான் தனியாகக் கிணற்றுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். அதற்கு மாதிரிப் படிவம் எதுவும் இல்லாததால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மிளகாய் இந்த வருஷம் எப்படி, மழை போதுமா என்றெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் பிள்ளை வர மாட்டேன் என்கிறாள், அன்றைக்கு நான் சத்தம் போட்டது தப்பு என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அந்த அம்மா கேன் கட்டும் துணியை உதறிக்கொண்டிருந்தார். “எம்மேலயும் தப்பு இருக்கு சார். எம் பிள்ளைகளுக்கு இப்படித்தான் ஊத்துனேன், அதுக நம்பிக்கிட்டுப் போச்சு. ஒங்க பிள்ள எதையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிடுத பிள்ள. அதுட்டச் சொல்லிருக்கணும். இனி அது ஒங்களயும் நம்பாது, என்னயும் நம்பாது. சொம்ப அது கையிலயே குடுத்துருவோம்.”

வந்தால்தானே கொடுக்க முடியும் என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார்.

“நீங்க எறங்குதீங்களா சார்?”

வயதைச் சொன்னேன். உடம்பைச் சொன்னேன். ஆபீஸ்காரன் ஒருவன் பிள்ளைகள் முன்னால் டவுசரோடு நிற்க முடியுமா என்று கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கேனு நெறையக் கெடக்கு” என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக மகள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். “நெசம்மாவே எறங்குவீங்களாப்பா?” என்று இரண்டு தடவை உறுதிப்படுத்திக்கொண்டாள். “அப்பம் நான் பாக்க வாரேன். தண்ணிக்குள்ள வர மாட்டேன்.” மனைவியும் வருவதாகச் சொன்னாள். கல்யாணம் எதுவும் இல்லையாம்.

அடுத்த ஞாயிறு, பட்டாபட்டி டவுசர் போட்டு, முதுகில் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் படியில் உட்கார்ந்து நான் குடுகுடுவென்று ஊதினேன். கிணற்று மேட்டில் கூட்டம். “ஏலே, ஓடியாங்க, தாசில்தார் மெதக்காரு” என்று ஒரு பயல் மற்றவர்களைக் கூப்பிட்டான். நான் அப்போது தாசில்தார் இல்லை. அந்தப் பதவி உயர்வு எனக்குக் கிணற்றில் முதலில் கிடைத்தது. ஆபீஸில் கிடைக்க இன்னும் ஆறு வருஷம் ஆனது.

வேடிக்கை அவ்வளவுதான். “காலை விடுங்க சார்” என்று அந்த அம்மா சொன்னதும் நான் விட்டேன். கால் படியை விட்டதும் எனக்குத் தெரிந்திருந்த எதுவும் எனக்குத் தெரியவில்லை. முதுகில் இரண்டு காலிக் கேன் இருப்பதும், அவை என்னைத் தூக்கும் என்பதும், கை எட்டும் தூரத்தில் ஒருவர் நிற்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்கள். ஒன்றும் உதவவில்லை. காலுக்குக் கீழே எதுவும் இல்லை என்பது மட்டும் உடம்பு முழுக்கத் தெரிந்தது. அந்த நேரத்தில் யாராவது ஒரு சரியான தகவலை என் காதில் சொல்லியிருந்தால் நானும் கையைத் தூக்கியிருப்பேன்.

இரண்டாவது வாரம் ஒரு கேனாகக் குறைத்தார்கள். மூன்றாவது வாரம் கிணற்றுக்கார அம்மா சொம்பை மகளிடம் கொடுத்தார். “ஒங்க அப்பாவுக்கு நீதான் வாத்தியாரு. சொல்லிட்டு ஊத்து.”

மகள் படியில் எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் கால் தண்ணீரில் பட்டது அன்றைக்குத்தான். “அப்பா, இன்னைக்கு ஒரு சொம்பு ஊத்துதேன். சரியா?”

என் இரண்டு காலும் கல்லில் இருந்தன. நான் யோசித்தேன். அரைச் சொம்பு என்றேன். அவளும் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள். ஊற்றி, மூடியைத் திருகி, கசிகிறதா என்று தடவிப் பார்த்து, “ஊத்தியாச்சு. இப்பம் போங்க” என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் தனக்கும் ஒரு கேன் வேண்டும் என்று அவளே கேட்டாள். காலிக் கேனிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும் தானே ஊற்றினாள், எத்தனை சொம்பு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள், தானே மூடினாள். அந்த அம்மா கட்டுவதை மட்டும் செய்தார். பங்குனி பிறந்து ஒரு ஞாயிறு, கேன் வழிய வழிய ஊற்றி, என்னிடம் காட்டினாள். “பாத்துக்கிடுங்க. பூராத் தண்ணி.” பிறகு படியை விட்டாள்.

நான் கீழ்ப்படியில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி மேலே இருந்து என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். மகள் நடுக்கிணற்றுக்குப் போனதும் நின்றாள். அன்றைக்கு நின்ற அதே இடம். கழுத்தைத் திருப்பி, ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய்க் கேனைத் தொட்டாள். அது துள்ளவில்லை. இன்னொரு கையும் காலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தன. தொட்ட கையை முன்னால் கொண்டுவந்து அதையும் சேர்த்துக்கொண்டாள். அந்தப் பக்கச் சுவரைத் தொட்டுத் திரும்பி வந்ததும், கேனை அவிழ்க்கச் சொல்லி, அந்தக் குட்டிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள்.

நான் மூன்று சொம்புவரை போனேன். அதற்குள் சித்திரை வந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இறங்கி, மோட்டார் சேற்றை இழுக்க ஆரம்பித்தது. என் கோப்பு அந்த நிலையில் நிற்கிறது.

பையனைப் பறிகொடுத்த அந்தப் பெண்ணைத் தேடிப் போனதையும் சொல்ல வேண்டும். மகள் நீந்திய அடுத்த வாரம், மனு கொண்டுவந்தவரின் ஊருக்குப் போனேன். பள்ளத்து மனுவை நானே எழுதி, உரிய ஆபீஸில் நானே கொடுத்து, பின்தொடரவும் செய்யலாம் என்று நினைத்திருந்தேன். வீடு பூட்டியிருந்தது. தாய் வீட்டோடு போய்விட்டார், இனி வருவாரோ என்னவோ என்றார்கள். நான் சொன்ன ஆபீஸுக்கு அவர் போகவே இல்லை என்பது அந்த ஆபீஸில் விசாரித்தபோது தெரிந்தது. என் பெயரில் எழுதிக் கொடுத்தேன். மூன்று துறைகளுக்கு அது போய்வந்தது. முடிவில் பள்ளத்தை மூடியது அரசாங்கம் இல்லை; பக்கத்தில் வந்த கல்யாண மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய மண்.

நான் அன்று அவரிடம் சொன்னதிலும் ஒரு சொல் தப்பில்லை. ஆனால் பையன் போய் ஒரு மாதம்கூட ஆகாத ஒரு தாய் என் மேசைக்கு முன்னால் நின்றபோது, அவர் காலுக்குக் கீழே கல் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. உட்காருங்க என்றுகூடச் சொல்லவில்லை.

மகளுக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டது. நான் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகின்றன. விதிகள் மறக்கவில்லை என்பதால் தெருவில் யாராவது மனுவோடு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பாதிப் பேரிடம் ‘இது நடக்காது’ என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் இருப்பதில்லை, கிணற்றுக்கார அம்மாபோல மறைத்து ஊற்றவும் எனக்கு வராது. ஆனால் முதலில் அவர்களை உட்காரவைத்து, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, கால் படியில் ஊன்றிவிட்டதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் இன்றும் வாயைத் திறக்கிறேன்.